தொடாதேயும் ஒரு சிவப்புப் புள்ளியும்

இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு நிற்கிறார். எதிரே ஆள் உயர இரும்பு அலமாரி. அதில் மேலிருந்து கீழ்வரை பச்சையும் மஞ்சளுமாகக் குட்டி விளக்குகள் சிமிட்டுகின்றன. ஏழு நிமிடம் ஆகிவிட்டது. மருந்தகத்திலிருந்து வந்த ஒருவர் வாசலில் அழாத குறையாக நிற்கிறார். அங்கே கம்ப்யூட்டர் படுத்துவிட்டதாம், வரிசை வாசலைத் தாண்டிவிட்டதாம். இவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக நலம் விசாரிப்பதுபோல் பார்த்துக்கொண்டே வருகிறார். பத்தாவது நிமிடம் "சரி" என்கிறார். அதன் பிறகே வலது கை மட்டும் வெளியே வருகிறது.

"முதல்ல பாக்கணும் சார். பத்து நிமிஷம் சும்மா பாக்கணும். பாதிக் கோளாறு, நாம எப்போடா கை வைப்போம்னுதான் காத்துக்கிட்டு இருக்கும்" என்பது அவருடைய சித்தாந்தம். மருந்தகத்து வரிசையில் நிற்பவர்களிடம் இதை யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

எங்கள் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் வேலை இவருடையது. பதவியின் பெயர் ஒன்றரை வரி நீளம்; அவருக்கே முழுதாக நினைவில்லை. ஊழியர்கள் சுருக்கமாக 'தொடாதே' என்று வைத்துவிட்டார்கள். அவர் சீட்டு ஒட்டாத இடம் இல்லை. எந்த வயரைப் பிடித்தாலும் அதன் கழுத்தில் வெள்ளை ஒட்டுநாடா. அதில் அச்சடித்தாற்போன்ற எழுத்தில் 'தொடாதே'. இருபத்திரண்டு வருடங்களில் இந்தக் கட்டடத்தில் அவர் அந்தச் சொல்லை எத்தனை முறை எழுதியிருப்பார் என்று கணக்குப் போட்டால், ஒரு நல்ல தொடர்கதையே வந்திருக்கும்.

ஐம்பத்தொரு வயது. ஒல்லி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடும் வழக்கம் உண்டு. கால்சட்டையின் வலது பை எப்போதும் புடைத்திருக்கும்; உள்ளே வயர் சோதிக்கும் கருவி. அதனால் நடை கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாயும். செல்போன் உண்டு, ஆனால் எடுக்க மாட்டார். கூப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து 'பார்த்தேன்' என்று ஒற்றைச் சொல்லில் செய்தி வரும். எதைப் பார்த்தார், அதற்கு என்ன பதில் என்பதெல்லாம் நம் ஊகத்துக்கு.

நான் யார் என்று கேட்பீர்கள். கடிதப் பிரிவின் எழுத்தர். டாக்டர்கள் நோயாளிகளைக் காப்பாற்றுகிறார்கள். நான் சுற்றறிக்கைகளைக் காப்பாற்றுகிறேன். அவற்றில் ஒன்றுகூட இதுவரை செத்ததில்லை. கட்டடத்துக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில் எனக்கும் அவருக்கும் ஒரே சுவர். ஆகையால் இங்கே நான் எழுதுவதில் பாதி கண்ணால் கண்டது, மீதி சுவரால் கேட்டது.

அவர் வீட்டிலும் ஒட்டுநாடா ராஜ்யம்தான். மிக்ஸியின் பிளக்கில் 'தொடாதே'. ஃபிரிட்ஜின் சுவிட்சில் 'தொடாதே'. ஒருநாள் அவர் மனைவி சோற்றுப் பானையின் மூடியில் ஒன்றை ஒட்டிவைத்து, கூடத்தில் போய் உட்கார்ந்து டிவி பார்த்தாராம். இவர் பானைக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றதாகத் தகவல். இதை அந்த அம்மாளே எங்கள் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

அவரிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு உண்டு. முதல் பக்கத்தில் தலைப்பு: 'தொட்டவர்கள்'. கீழே நாள், நேரம், ஆள், குற்றம், விளைவு. "காலை 11.20, எக்ஸ்ரே பிரிவு நர்ஸ், தூசி துடைக்க வயரை நகர்த்தினார், இரண்டு மணி நேரம் படம் வரவில்லை." "மாலை 4.05, நிர்வாகப் பிரிவு, செல்போன் சார்ஜ் செய்ய பிளக்கைப் பிடுங்கினார், சம்பளப் பட்டியல் போயிற்று." என் பெயர் இரண்டு இடங்களில் இருக்கிறது, இரண்டும் பிரிண்டர் சம்பந்தப்பட்டவை, விவரம் வேண்டாம். முந்நூறு பக்க நோட்டில் அவர் பெயர் மட்டும் ஒரு இடத்தில்கூடக் கிடையாது. "நான் எங்க சார் தொடறேன்?" என்று வெகுளியாகக் கேட்பார்.

இனி பாலத்துக்கு வருவோம். எங்கள் மருத்துவமனை சாலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. இந்தப் பக்கம் படுக்கைகளும் அறுவைக் கூடமும். அந்தப் பக்கம் ரத்தப் பரிசோதனைக் கூடம். நடுவில் வயர் இழுக்க அனுமதி கிடைக்காததால், இரண்டு மொட்டைமாடிகளிலும் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒவ்வொரு வெள்ளைப் பெட்டி, ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. அந்தப் பக்கத்துச் சேதி காற்றுவழியாக இந்தப் பக்கம் வந்துவிடும். அதைத்தான் பாலம் என்கிறார்கள். ஆறு வருடங்களாக வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து, ஒரு நாள்கூட விடுப்புக் கேட்காமல் வேலை பார்த்துவந்தது. இப்படி ஒன்று இருக்கிறது என்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது. நிர்வாக அதிகாரிக்கும் தெரியாது, போன திங்கட்கிழமை வரை.

போன திங்கட்கிழமைதான் டிவி வந்தது. நிர்வாக அதிகாரி எங்கேயோ ஒரு கருத்தரங்குக்குப் போய், பையில் ஒரு பேனாவும் மனதில் ஒரு யோசனையும் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார். தன் அறைக்கு வெளியே, தாழ்வாரச் சுவரில், கட்டில் அகலத்துக்கு ஒரு டிவியை மாட்டச் சொன்னார். மருத்துவமனையில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் அதில் ஒரு புள்ளி. நிமிடத்துக்கு ஒருமுறை அந்த ஏற்பாடு ஒவ்வொரு கருவியையும் கூப்பிட்டு, 'இருக்கியா?' என்று கேட்கும். 'இருக்கேன்' என்றால் பச்சை. பதில் இல்லையென்றால் சிவப்பு. இப்படிக் கூப்பிட்டுப் பார்ப்பதற்குத் தொழிலில் 'பிங்' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளை படிக்கிறதா என்று இரண்டுமே கேட்பதில்லை.

அறுபத்து மூன்று புள்ளிகள் பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு. பாலம்.

அதிகாரி அந்தப் புள்ளியின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். அவருடைய அதிர்ஷ்டம், பாலத்துக்கு மின்சாரம் போகும் சுவிட்ச் டிவிக்கு நேர் கீழேயே இருந்தது, 'தொடாதே' சீட்டோடு. "எங்க வீட்டு டிவி பாக்ஸும் இப்படித்தான், அப்பப்போ மக்கர் பண்ணும்" என்று சொல்லியபடி சுவிட்சை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டார்.

பாலம் முழுதாக எழுந்து நிற்க நான்கு நிமிடம் வேண்டும். அந்த நான்கு நிமிடமும் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏழு கருவிகளின் பதிலும் வர வழியில்லை. ஆக, எட்டுப் புள்ளிகள் சிவப்பாயின. பிறகு பாலம் எழுந்தது. ஏழும் பச்சைக்குத் திரும்பின. பாலம் மட்டும் பழையபடி சிவப்பு.

"பாத்தீங்களா?" என்றார் அதிகாரி, கூடியிருந்த எங்களிடம். "எட்டு இருந்துச்சு. ஒண்ணாக் கொறைச்சிட்டேன்."

கைதட்டலாமா வேண்டாமா என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கணக்குப் பிரிவு மட்டும் தட்டியது.

அன்றைக்கு அவர் பதினொரு முறை அப்படிக் குறைத்தார். பன்னிரண்டாவது முறைக்கு முன்னால், சாலையைக் கடந்து, கையில் ஒரு கத்தைத் தாளோடு லேப் அக்கா வந்து சேர்ந்தார். லேப் அக்கா என்றால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தலைமை. ஊசி குத்தும்போதுகூட முகம் சுளிக்காத மனுஷி, அன்றைக்குச் சுளித்திருந்தார்.

"ரிப்போர்ட் அனுப்பறேன், பாதியில நிக்குது. மறுபடி அனுப்பறேன், மறுபடி நிக்குது. ஆபரேஷனுக்கு ஆளைப் படுக்க வச்சுட்டு ரிப்போர்ட் எங்கேன்னு போன் மேல போன். நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? இப்போ நான்தான் தாளைத் தூக்கிக்கிட்டு ரோட்டைத் தாண்டி ஓடி வரேன். இனிமே என்னையே பாலம்னு எழுதிக்கோங்க!"

அதிகாரி புன்னகை செய்தார். "அதத்தாம்மா நானும் சொல்றேன். பாலம் கெட்டுப்போச்சு."

அப்போதுதான் தொடாதே வந்தார். கைகள் அக்குளில். டிவியை வழக்கப்படி பார்க்கத் தொடங்கினார். அதிகாரிக்குப் பத்து நிமிடம் பொறுமை கிடையாது, மூன்றாவது நிமிடத்திலேயே, "என்ன, வேடிக்கையா?" என்றார்.

"சார், அந்தப் பக்கம் இருக்கிற ஏழும் பச்சையா இருக்கே. அதுங்க சொல்ற பதில் எந்த வழியா சார் இங்க வருது?"

"வேற வழியா வரும்."

"வேற வழி இல்லீங்க சார். பாலம் ஒண்ணுதான். பாலம் வேலை செய்யுது. கூப்பிட்டாத்தான் பேச மாட்டேங்குது. சுவிட்சைத் தொடாம இருந்தா..."

"வேலை செய்யுதுங்கறது உங்க கருத்து" என்றார் அதிகாரி. "சிவப்புங்கறது ஆதாரம்."

இந்த வாக்கியத்தை நான் அன்றே குறித்து வைத்துக்கொண்டேன். ஒரு நிர்வாகியின் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு வாக்கியம் ஒருமுறைதான் வந்து வாய்க்கும்.

மறுநாள் காலை அவர் என்னைக் கூப்பிட்டு ஒரு மெமோ அடிக்கச் சொன்னார். அடித்தேன். சொன்னதை அடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். 'பாலம் செயலிழந்த நிலையிலும் அதைச் சரிசெய்யத் தவறியமைக்காக, இம்மாத இறுதியில் முடிவடையும் தங்கள் ஒப்பந்தத்தை ஏன் புதுப்பிக்காமல் விடலாகாது என்பதற்கு வியாழன் மாலை மூன்று மணிக் கூட்டத்தில் நேரில் விளக்கம் அளிக்கவும்.' வெளியிலிருந்து ஒரு கம்பெனி வந்து எல்லாவற்றையும் எடுத்து நடத்தத் தயாராக இருப்பதாகவும், புதிய பாலம் இரண்டு நாளில் போட்டுவிடுவார்கள் என்றும் அதிகாரி கூடுதலாகச் சொன்னார். அந்த இரண்டு நாளும் லேப் அக்கா ரோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருப்பார் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. யாரும் என்பதில் நானும் அடக்கம்.

தொடாதே மெமோவை மேசைமேல் வைத்து, கையை அக்குளில் செருகி, நிதானமாகப் படித்தார்.

"செயலிழந்ததுன்னு எழுதியிருக்கீங்களே எழுத்தர் சார். அது செயலிழக்கலையே."

"டிவியில் சிவப்பு" என்றேன், பொறுப்போடு.

"நாளைக்கு டிவி கெட்டுப்போய் கறுப்பா நின்னா, ஆஸ்பத்திரிய மூடிட்டோம்னு எழுதுவீங்களா?"

அதிகாரி சொன்னால் எழுதுவேன். ஆனால் அதைச் சொல்லவில்லை. மெமோவின் பின்னால் இருந்தது இருவருக்கும் தெரியும். ஒப்பந்தம் போனால் குடியிருப்பும் போகும். எங்கள் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு அறை, ஒரு சமையலறை, கல்லூரியில் இரண்டாவது வருடம் படிக்கும் ஒரு மகள், அவர் மனைவி பின்கட்டில் தொட்டிகளில் வளர்க்கும் பதினாறு செடிகள். ஐம்பத்தொரு வயதில், எதையும் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன் என்கிற ஒருவரை வேறு எந்த இடத்தில் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போகிறார்கள்? எனக்குச் சங்கடமாக இருந்தது. சங்கடத்தோடேயே அலுவலக நகலை எடுத்துக் கோப்பில் போட்டேன்.

அன்றிரவு சுவர்வழியாக அந்த அம்மாளின் குரல் வந்தது.

"ஏங்க, அது ரெண்டு நாளாத்தான் பதில் சொல்லல. அதுக்கு எத்தனை பேரு பதறுறாங்க! நீங்க கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றதில்ல. எனக்கு ஒரு டிவி மாட்டிக் குடுங்களேன், நானும் சிவப்பு சிவப்பாக் காட்டறேன்."

பதில் வந்ததாக எனக்குக் கேட்கவில்லை.

விசாரணை நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் தொடாதே நோட்டை எடுத்தார். பாலத்தைத் தொட்டவர்கள் பட்டியல் ஆறு வருடத்துக்கு இருந்தது: பெயின்ட் அடிக்க வந்தவர், தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர், மொட்டைமாடியில் புகைபிடிக்கப் போன ஒரு டாக்டர். ஒவ்வொருவராக விசாரித்தார். பெயின்டருக்கு ஆள் விட்டுக் கேட்டதில், பெட்டிக்கும் சேர்த்து வெள்ளை அடித்ததை அவர் ஒப்புக்கொண்டார். அதனால் பயன் ஒன்றும் இல்லை. பெட்டி முதலிலேயே வெள்ளை.

பிறகு டிவியைச் சந்தேகப்பட்டார். தன்னுடைய கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்: பதில் இல்லை. சாலையைக் கடந்துபோய் லேப் அக்காவின் கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டார்: இல்லை. மொட்டைமாடிக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய், பெட்டிக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, புது வயரில் நேராக இணைத்துக் கூப்பிட்டார்: ஊஹூம். கூப்பிட்ட முகவரி சரியாக இருந்தது. உள்ளே நுழைந்து பார்த்தால், இன்றைக்கு எத்தனை ரிப்போர்ட் போயிற்று, எவ்வளவு வேகத்தில் போயிற்று என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. இருக்கியா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

"உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுது சார். வாசல்ல நின்னு கூப்பிட்டா மட்டும் கேக்காத மாதிரி இருக்கு" என்றார். மாடி வெயிலில் அவர் மூக்கு சிவந்திருந்தது. டிவிக்காரர்கள் பார்த்திருந்தால் அதையும் ஒரு புள்ளியாகச் சேர்த்திருப்பார்கள்.

இதற்கு நடுவே அதிகாரி தன் பங்குக்கு நாளொன்றுக்கு ஆறேழு முறை எட்டை ஒன்றாகக் குறைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் மாடியில் தொடாதே செய்துகொண்டிருந்த சோதனை அறுந்துபோகும். அவர் கீழே இறங்கி வந்து, சுவிட்சின் மேல் இன்னொரு சீட்டை ஒட்டிவிட்டு மறுபடி ஏறிப் போவார். வியாழன் காலையில் அந்த சுவிட்சின் மேல் ஐந்து 'தொடாதே' இருந்தன. அதிகாரி ஆறாவதற்கு இடம் விட்டு, ஓரத்தில் விரலை நுழைத்து அணைத்தார்.

வியாழன் மதியம் தொடாதே சாப்பிடப் போகவில்லை. மனைவி சாப்பாட்டுடன் அவருடைய அறைக்கே வந்துவிட்டார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். அக்கறை என்றும் சொல்லிக்கொள்ளலாம். மேசைமேல் கிடங்கிலிருந்து எடுத்துவந்த இன்னொரு வெள்ளைப் பெட்டி இருந்தது. அதே கம்பெனி, அதே மாதிரி, பிரிக்காத உறையிலிருந்து அப்போதுதான் எடுத்தது. அதை இணைத்துக் கூப்பிட்டார். "இருக்கேன்" என்றது, கேட்ட மாத்திரத்தில்.

"அப்போ பெட்டியோட ஜாதகத்துல குறையில்ல" என்றார். "உள்ள யாரோ என்னமோ எழுதியிருக்காங்க."

மாடியில் இருக்கும் பெட்டியின் உள்பக்கங்களை ஒரு திரையிலும், புதுப் பெட்டியின் பக்கங்களை இன்னொரு திரையிலும் திறந்துவைத்து, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்வீட்டார்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். பத்துப் பக்கம் ஒன்றுபோலவே இருந்தன. பதினோராவது பக்கத்தை மூன்று நாளாக அவர் திறக்கவே இல்லை. அதைத் திறக்கும் கடவுச்சொல் அவர் ஒருவரிடம்தான் உண்டு. அவரோ எதையும் தொடாதவர். பிறகு அங்கே என்ன இருந்துவிடப் போகிறது?

திறந்தார். புதுப் பெட்டியில் அந்தப் பக்கம் காலி. மாடிப் பெட்டியில் ஒரே ஒரு வரி இருந்தது. பக்கத்தில், பிற்காலத்தில் படிப்பவர்கள் புரிந்துகொள்ள ஒரு சிறு குறிப்பும் இருந்தது: 'யார் கூப்பிட்டாலும் பதில் வேண்டாம். சுற்றறிக்கை 14.' கீழே பதினோரு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி. அதன் கீழே அவருடைய பெயர்.

தொடாதேயின் கைகள் தாமாகவே அக்குளுக்குள் போயின.

அவர் மனைவிதான் முதலில் பேசினார். "அப்போ அது மேல தப்பே இல்ல. பதில் சொல்லாதேன்னு நீங்க சொல்லிக் குடுத்திருக்கீங்க, அது கேட்டுக்கிட்டு இருக்கு. உங்க வளர்ப்பு வேற எப்படி இருக்கும்?" சிரிக்கத்தான் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவைத்தார். "சரி, அதெல்லாம் இருக்கட்டும். நான் சாமானைக் கட்டட்டுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க. அட்டைப்பெட்டிக்குச் சொல்லி வைக்கணும்."

"கட்ட வேணாம்" என்றார் அவர். நான் அறிந்தவரை, மனைவி கேட்ட கேள்விக்கு அவர் அதே நிமிடத்தில் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

பிறகு நீல நோட்டை இழுத்தார். 'தொட்டவர்கள்' வரிசையில் கடைசிக்குக் கீழே, பதினோரு மாதத்துக்கு முந்தைய அந்தத் தேதியைப் போட்டு, தன் பெயரை எழுதினார். விளைவு என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் யோசித்து, 'இதெல்லாம்' என்று எழுதினார்.

"அழிச்சுடுங்க. ஒரு நொடி வேலை. பச்சையாயிடும்" என்றேன் நான்.

"சுற்றறிக்கை இன்னும் இருக்கே எழுத்தர் சார். அத ரத்து பண்ணாம நான் எப்படித் தொடறது? அதோட நகல் ஒண்ணு வேணும். உங்ககிட்டதானே இருக்கும்?"

என்னிடம்தான் இருந்தது. ஒரு சுற்றறிக்கையையும் நான் சாகவிடுவதில்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா. பீரோவின் மூன்றாவது தட்டில், கயிறு கட்டிய கட்டுக்குள் கிடைத்தது. அதை அங்கேயே நின்று படித்தேன். ஒரு வருடத்துக்கு முன்பு யாரோ ஒரு தணிக்கையாளர் வந்து, வெளியாள் யாராவது நம் கருவிகளைக் கூப்பிட்டு ஆழம் பார்ப்பார்கள் என்று பயமுறுத்திவிட்டுப் போனார். அந்தப் பயத்தில் பிறந்தது இது. கீழே பச்சை மையில், வால் நீண்ட கையெழுத்து: நிர்வாக அதிகாரி. கையெழுத்துக்கு வரும் கோப்பை அவர் என்றைக்குமே படிப்பதில்லை. பேனா ஓடும், வாய் யாருடனாவது போனில் பேசிக்கொண்டிருக்கும். இடது மூலையில் தயாரித்தவரின் சுருக்கொப்பம். அது என்னுடையது. நானும் படித்த ஞாபகம் இல்லை. அடித்த ஞாபகம் மட்டும் லேசாக இருந்தது.

"இதைக் காட்டப் போறீங்களா?" என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"ஏன்னு கேட்டா சொல்லணும்ல சார்" என்றவர், தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று மணிக் கூட்டத்துக்குப் பெரிய டாக்டர் அறுவைக் கூடத்திலிருந்து நேராக வந்தார். நெற்றியில் தொப்பியின் தடம் இன்னும் இருந்தது. மருத்துவமனையில் கடைசி வார்த்தை அவருடையது. அன்றுவரை மூன்று வார்த்தைக்குமேல் அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. நிர்வாக அதிகாரி டிவியை வண்ணப்படமாக எடுத்து, சிவப்புப் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு, ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். கால்மணி நேரம் பேசினார். தொடாதே மேசையின் கடைசியில், லேப் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குறிப்பெடுக்க நான் இருந்தேன்.

"பாலம் வேலை செய்யுதா, இல்லையா?" என்றார் பெரிய டாக்டர்.

"கூப்பிட்டா பதில் சொல்லல டாக்டர்."

"நான் அதைக் கேக்கல. எனக்கு ரிப்போர்ட் வருதா?"

"சுவிட்சை அணைக்காத நேரமெல்லாம் வருது டாக்டர்" என்றார் லேப் அக்கா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

பெரிய டாக்டர் தொடாதே பக்கம் திரும்பினார். "ஏன் பதில் சொல்ல மாட்டேங்குது?"

"நான்தான் டாக்டர் வாயைக் கட்டினேன். பதினோரு மாசம் ஆச்சு. மறந்துட்டேன். மூணு நாளா ஊரையெல்லாம் விசாரிச்சுட்டு இன்னிக்கு மதியம்தான் கண்டுபிடிச்சேன். தப்பு என்னோடதுதான்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. இப்படித் தானாக வந்து மடியில் விழும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"எதுக்குக் கட்டினீங்க?"

தொடாதே பையிலிருந்து தாளை எடுத்தார். நீட்டுவதற்கு முன்னால், மேசைமேல் வைத்து, அடிப்பகுதியில் நான்கு விரல் அகலத்துக்கு உட்பக்கமாக மடித்து, நகத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். கையெழுத்தும் சுருக்கொப்பமும் மடிப்புக்குள் போய்விட்டன. அதன் பிறகே டாக்டரிடம் தள்ளினார். என் பேனா நின்றுபோனதை நான் பிறகுதான் கவனித்தேன்.

பெரிய டாக்டர் வாய்விட்டுப் படித்தார். "'எந்த ஒரு கருவியும், எவ்வகை அழைப்புக்கும், எக்காரணம் கொண்டும் பதிலளிக்கலாகாது.'" தலையை நிமிர்த்தினார். "இதை யாரெல்லாம் செஞ்சாங்க?"

"பாலம் மட்டும்தான் டாக்டர். மத்ததையெல்லாம் அந்தந்த கம்பெனிக்காரங்க பாத்துக்கறாங்க. அவங்க படிக்கல போல."

"ஆக, சொன்னபடி கேட்டது இது ஒண்ணுதான். அதுக்குத்தான் வட்டம் போட்டுக் கொண்டுவந்திருக்கீங்க." அவர் வண்ணப்படத்தைத் திருப்பி வைத்தார். "இந்தச் சுற்றறிக்கை ரத்து. பாலம் பேசட்டும். அந்தக் கம்பெனிக்காரங்கள வர வேண்டாம்னு சொல்லிடுங்க. இவரோட ஒப்பந்தத் தாள் எங்க? இங்கயே போட்டுட்டுப் போறேன்."

தாள் என் கோப்பில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போடத் தொடங்கினார். லேப் அக்கா மேசைக்கு அடியில் தொடாதேயின் முழங்கையை இடித்தார். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

இந்த இடத்தில் அதிகாரி எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் தோற்ற இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குப் பழக்கமில்லை. தேநீர்க் கோப்பையை நகர்த்திவிட்டு எழுந்தார்.

"ஒண்ணு மட்டும் விடக் கூடாது டாக்டர். இப்படி மூளையில்லாத ஒரு சுற்றறிக்கையை எவன் போட்டான்? மூணு நாள் ஆஸ்பத்திரியே அல்லோலகல்லோலம்! எழுத்தர், ஆளைக் கண்டுபிடிங்க. இன்னிக்கே மெமோ. நானே கையெழுத்துப் போடறேன்."

தொடாதே எழுந்தார். டாக்டரின் முன்னால் கிடந்த தாளை மெல்ல இழுத்து, மேசை விளிம்போடு நகர்த்திக்கொண்டு வந்து, அதிகாரியின் முன்னால் வைத்தார். கட்டைவிரலால் மடிப்பை ஓரமாகத் தூக்கினார். அதிகாரி ஒருவருக்கு மட்டும் தெரியும் அளவுக்கு.

அதிகாரி குனிந்து பார்த்தார். பச்சை மை. நீண்ட வால். திறந்திருந்த வாய் திறந்தபடியே இருக்க, நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஆமா, கேக்கணும்னு இருந்தேன்" என்றார் பெரிய டாக்டர், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டபடியே. "யாரு போட்டது அது?"

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் தாளின் மடிப்பு மெல்ல எழும்பத் தொடங்கியது. தொடாதே கையை நீட்டி, அதிகாரியின் தேநீர்க் கோப்பையை எடுத்து அதன்மேல் வைத்தார்.